ஸ்டெபிலைசர் போர்டு: கருகிய ரிலே காலில் தொடங்கி புதுப் போர்டு வரை

மருந்துக்கடை ஏசிக்குப் போட்டிருந்த 4 கேவிஏ ஸ்டெபிலைசர் இது. கடை தூத்துக்குடியில், கடல் காற்று நேராக அடிக்கிற தெருவில் இருக்கிறது. ரிலே மாறும் 'டக்' சத்தம் ஒழுங்காகக் கேட்கும், டிஸ்ப்ளே 230 என்று காட்டும், ஆனால் கம்ப்ரசர் கிளம்பினால் அவுட்புட் விட்டுவிட்டு வரும். கூடவே கருகிய வாடை. போர்டைத் திருப்பிப் பார்த்ததும் இடம் தெரிந்துவிட்டது. பூஸ்ட் ரிலேயின் (லைன் வோல்டேஜ் குறையும்போது அதைக் கூட்டித் தர மாறும் ரிலே) பொதுக் காலைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கறுப்பு, நடுவே ஈயத்தில் வளையம் போல ஒரு விரிசல்.

“புதுசே வாங்கிரலாமா தம்பி?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“வாங்கலாம் அண்ணாச்சி. ஆனா அதுலயும் இதே போர்டுதான் இருக்கும். இதே இடத்துலதான் எரியும்.”

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இந்த விலைக்கு விற்கிற பெட்டிகளில் நான் திறந்து பார்த்தவை பெரும்பாலும் இதே பழுப்பு நிற ஒற்றைப் பக்கப் போர்டுதான். ரிலேயும் டிராக்கும் (போர்டில் கரன்ட் ஓடும் செம்புப் பாதை) பெயரளவில்தான் வேறுபடும். டிரான்ஸ்ஃபார்மரோ நல்ல செம்புச் சுற்று, காப்பு கொஞ்சமும் குறையவில்லை. அதனால் முதலில் தற்காலிகமாகச் சரிசெய்து கடையை ஓட்டுவது, அப்புறம் போர்டைப் புதிதாக வரைந்து போடுவது என்று முடிவானது.

மல்டிமீட்டரைக் கன்டினியுட்டியில் வைத்தால் அந்தக் கருகிய மூட்டும் பீப் அடிக்கிறது. பத்து ஆம்பியர் ஓடும் இடத்தில் அந்தப் பீப்பை நம்ப முடியாது, ஏனென்றால் 1 மில்லிஓம்முக்கும் 50 மில்லிஓம்முக்கும் அது ஒரே மாதிரிதான் கத்தும். நான் செய்வது இதுதான்: பெஞ்ச் சப்ளையில் கரன்ட்டை 5 ஆம்பியருக்கு வரம்பு வைத்து, ரிலே காலின் நுனியிலிருந்து டிராக்கின் கடைசி வரை ஓட விடுவது. பிறகு மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, காலுக்கும் ஈயத்துக்குப் பக்கத்து டிராக்குக்கும் நடுவே தொட்டுப் பார்ப்பது. கரன்ட் போகும் கம்பியும் அளக்கும் கம்பியும் தனித்தனியாக இருப்பதால் கம்பியின் தடை கணக்கில் வராது. கெடாத ரிலேயின் மூட்டில் 2 மில்லிவோல்ட் வந்தது. கருகிய மூட்டில் 180. ரிலேயை விரலால் லேசாக ஆட்டினால் அந்த எண் தாவித் தாவி மாறியது.

180 மில்லிவோல்ட்டை 5 ஆம்பியரால் வகுத்தால் 36 மில்லிஓம். இந்த ஏசி 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். கோடைகாலச் சாயங்காலத்தில் லைன் 170 வோல்ட்டுக்கு இறங்கினால், பூஸ்ட் செய்வதற்காக ஸ்டெபிலைசர் இன்புட்டில் கிட்டத்தட்ட 11 ஆம்பியர் எடுக்க வேண்டும். இந்தப் போர்டில் ரிலேக்கள் இன்புட் பக்கம் இருக்கின்றன. 11ஐ 11ஆல் பெருக்கி 36 மில்லிஓம்மோடு சேர்த்தால் 4.3 வாட்டுக்கு மேல் வருகிறது. 25 வாட் சோல்டரிங் அயர்னின் சூட்டில் ஆறில் ஒரு பங்கு, குண்டூசித் தலை அளவு இடத்தில், நாள் முழுக்க. சூடானால் மூட்டு மேலும் ஆக்சிடைஸ் ஆகும், தடை ஏறும், தடை ஏறினால் இன்னும் சூடாகும். விரிசல் விழுந்த பிறகு இந்தச் சுழலுக்குப் பிரேக் கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது, எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கெடவில்லை. ஐசி, டிரான்சிஸ்டர், டையோடு எல்லாம் நன்றாக இருந்தன. ஒரு மூட்டுதான் போனது. நாம் போர்டைப் பார்க்கும்போது சர்க்யூட்டைத்தான் பார்க்கிறோம். அது பாரம் தாங்கி, சூட்டில் விரிந்து சுருங்கி, ஈரம் குடித்து வாழ்கிற ஒரு இயந்திரப் பாகமும்கூட என்பதை வரைகிறவர்களே பல நேரம் கணக்கில் எடுப்பதில்லை.

அந்த மூட்டில் ஏன் விரிசல் விழுந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், புதுப் போர்டில் நான் எடுத்த முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வந்தன.

பழுப்புப் போர்டு என்பது காகித அடுக்குகளில் ஃபீனாலிக் பிசினை ஊற்றி அழுத்திச் செய்தது. எஃப்ஆர்-1, எஃப்ஆர்-2 என்ற பெயர்களில் வருவது இதுதான். துளைகளை டிரில் போடாமல் அச்சால் ஒரே குத்தில் குத்திவிடலாம், அதனால்தான் இவ்வளவு மலிவு. செம்பு ஒரு பக்கம் மட்டும் இருக்கும், துளைக்குள் செம்புப் பூச்சு கிடையாது. அதனால் ரிலேயின் கால் போர்டில் எங்கும் பிடித்து நிற்பதில்லை. கீழே இருக்கும் ஒரு ஈயக் குமிழும், பசையில் ஒட்டிய மெல்லிய செம்பு வட்டமும்தான் மொத்தப் பிடிமானம்.

சூடாகும்போது போர்டு நீள அகலத்தில் அதிகம் விரியாது, தடிமனில்தான் விரியும். கண்ணாடி இழைப் போர்டான எஃப்ஆர்-4கூடத் தடிமன் திசையில் ஒரு டிகிரிக்கு மில்லியனில் 50 முதல் 70 பங்கு வரை விரிகிறது. ரிலேயின் காலாக நிற்கும் செம்பு வெறும் 17 பங்கு. 1.6 மி.மீ. தடிமனில் 60 டிகிரி ஏறினால் இரண்டுக்கும் நடுவே சுமார் 4 மைக்ரான் வித்தியாசம். காகிதப் போர்டில் இது இன்னும் கூடும். 4 மைக்ரான் பெரிதா என்று தோன்றும். ஆனால் தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்தி நிறுத்திப் போடும் ஒவ்வொரு முறையும் அந்த ஈயக் குமிழ் இழுபட்டுத் தளர்கிறது. ஈயக் கலவை மென்மையானது, கெல்வின் அளவில் பார்த்தால் அறை வெப்பமே அதன் உருகுநிலைக்கு அத்தனை தூரமில்லை. திரும்பத் திரும்ப இழுத்தால் களைத்துப்போகும். அப்படிக் களைத்து விழுவதுதான் அந்த வளைய விரிசல். கடைகளில் இதையும் 'ட்ரை சோல்டர்', அதாவது வைக்கும்போதே ஈயம் சரியாகப் பிடிக்காத மூட்டு, என்றே சொல்கிறார்கள். உண்மையில் செய்யும்போது மூட்டு நன்றாகத்தான் இருந்திருக்கும்.

இதோடு அதிர்வு. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உட்கரு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 தடவை நடுங்கும், அந்த 'ம்ம்' ஓசை அதுதான். போர்டு அதே தகட்டில் உலோக ஸ்பேசர் வைத்து முறுக்கப்பட்டிருந்தது. கனமான ரிலேக்கள் ஸ்பேசர்களுக்கு நட்டநடுவில், போர்டு அதிகம் வளையும் இடத்தில்.

சரி, தற்காலிக வைத்தியம். முதல் வேலை கரியை எடுப்பது. கருகிய ஃபீனாலிக் வெறும் அழுக்கு இல்லை, அது மின்சாரம் கடத்தும் கார்பன். மேலே துடைத்துவிட்டுப் புது ஈயம் வைத்தால், பக்கத்திலிருக்கும், ரிலேயை இயக்கும் காயிலின் கால் வரை அந்தக் கரி வழியே கசிவு போகும். காப்பின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகரில் இரண்டு கால்களுக்கும் நடுவே 2 மெகாஓம் காட்டியது. பிளேடாலும் சின்னக் கிரைண்டர் முனையாலும் வெளிர் பழுப்பு நிறம் தெரியும்வரை சுரண்டினேன். காலைச் சுற்றியிருந்த செம்பு வட்டம், அதாவது பேட், ஏற்கெனவே கழன்றுவிட்டது, அதையும் வெட்டி எடுத்தாயிற்று.

கழுவுவதில் ஒரு விஷயம். எல்லோரும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றிப் பிரஷால் தேய்ப்பார்கள். ஈயம் பிடிப்பதற்காகப் போடும் ஃப்ளக்ஸ் பிசினுக்கு அது சரி. ஆனால் கடல் காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் முதலில் மென்மையாகத் தேய்த்து அலசிவிட்டு, அப்புறம் ஐபிஏ, அப்புறம் சூடான காற்றில் காயவைப்பது. காகிதப் போர்டு தண்ணீரைக் குடிக்கும் என்பதால் காய்வதற்குத் தாராளமாக நேரம் கொடுக்க வேண்டும். ரிலேக்கள் இருக்கும் போர்டை முக்கி எடுக்கவே கூடாது, கரைந்த ஃப்ளக்ஸ் ரிலேக்குள் நுழைந்து கான்டாக்ட்டில் படலமாகக் காய்ந்துவிடும். காய்ந்த பிறகு மெகரில் 200 மெகாஓமைத் தாண்டியது.

அடுத்து அந்த டிராக். 5 மி.மீ. அகலம், 35 மைக்ரான் தடிமன். குறுக்குப் பரப்பு 0.175 சதுர மி.மீ.தான். தயாரித்தவர்கள் அதன் மேல் ஈயத்தைத் தடிமனாக ஓட்டியிருந்தார்கள். பார்க்க பலமாகத் தெரியும், ஆனால் ஈயக் கலவையின் மின்தடை செம்பைப் போல எட்டு ஒன்பது மடங்கு. அரை மி.மீ. உயரத்துக்கு ஈயம் ஊற்றினாலும் 0.3 சதுர மி.மீ. செம்புக்குச் சமமான பலன்தான். அதே இடத்தில் ஒரு 2.5 சதுர மி.மீ. வயரைப் போட்டால் கதையே வேறு. அதைத்தான் செய்தேன்: புது ரிலே, அதன் காலிலேயே சுற்றி ஈயம் வைத்த செம்பு வயர், நேராக டிரான்ஸ்ஃபார்மர் டேப்பிங் (சுற்றின் நடுவிலிருந்து வெளியே எடுத்த இணைப்பு) முனைக்கு. பழைய டிராக் சும்மா கிடந்தது. பழைய ரிலேயைத் திரும்பப் போடவில்லை. அவ்வளவு சூட்டைப் பார்த்த ரிலேயில் கால் பதிந்திருக்கும் பிளாஸ்டிக் இளகியிருக்கும், உள்ளே ஸ்பிரிங்கும் வலுவிழந்திருக்கும்.

இனி புதுப் போர்டு. வரைந்தது கீகேட்டில், இலவச மென்பொருள், டிராக் அகலம் கணக்கிடும் கருவியும் உள்ளேயே இருக்கிறது. முதலில் பழைய அமைப்பையே எஃப்ஆர்-4இல் தடித்த செம்போடு வரையலாம் என்று கணக்குப் போட்டேன். போர்டு வடிவமைப்புக்கான ஐபிசி-2221 தரநிலையின் சூத்திரப்படி, 35 மைக்ரான் செம்பில் 10 ஆம்பியருக்கு 20 டிகிரி சூடு ஏறலாம் என்று வைத்தால் 4.7 மி.மீ. அகலம் போதும். 10 டிகிரிதான் ஏற வேண்டும் என்றால் 7.2 மி.மீ. 70 மைக்ரான் செம்பு போட்டால் இவை பாதியாகும். காகிதத்தில் எல்லாம் அழகாக வருகிறது. ஆனால் பழைய போர்டில் எரிந்தது டிராக் இல்லையே. 5 மி.மீ. டிராக் நிறம் மங்கியதோடு சரி. எரிந்தது மூட்டு. டிராக்கை எவ்வளவு அகலமாக்கினாலும் ரிலேயின் கால் ஈயம் வழியாகத்தான் போர்டுக்குள் இறங்க வேண்டும். இன்னொரு சங்கடம்: அகலமான செம்புப் பரப்பு அயர்னின் சூட்டை உறிஞ்சிவிடும், ஈயம் துளைக்குள் முழுதாக ஏறாது. அதற்காகப் பேட்டைச் சுற்றி மெல்லிய கைகள் விட்டு வரைவார்கள். ஆனால் கனமான கரன்ட் ஓடும் இடத்தில் அந்த மெல்லிய கைகளே குறுகல் ஆகிவிடும்.

ஆகவே பெரிய கரன்ட்டைப் போர்டுக்குள் விடவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். 30 ஆம்பியர் ரிலேயில் ஒரு வகை உண்டு, காயில் கால்கள் மட்டும் போர்டுக்குள் போகும், கான்டாக்ட் முனைகள் மேலே 6.3 மி.மீ. தகடாக நீட்டிக்கொண்டிருக்கும். டேப்பிங் வயரின் லக்கை (வயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) நேராக அதில் செருகிவிடலாம். விலை கொஞ்சம் கூட, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சொல்லி வைத்தால் வரும். இதை எடுத்ததும் போர்டில் ஓடும் அதிகபட்சக் கரன்ட் ரிலே காயிலுக்கானது, ஒன்றுக்கு 80 மில்லிஆம்பியர் அளவு. தடித்த செம்பு வேண்டுமா என்ற பேச்சே போய்விட்டது. சாதாரண 35 மைக்ரான், இரட்டைப் பக்கம், 1.6 மி.மீ. எஃப்ஆர்-4.

பழைய போர்டில் காயில்களை ஓட்டியது 100 மில்லிஆம்பியர் எல்லை உள்ள சின்ன டிரான்சிஸ்டர்கள். விளிம்பில் ஓட்டுவது. அவற்றின் இடத்தில் யூஎல்என்2003 என்ற ஐசியைப் போட்டேன், ஒரு சேனலுக்கு 500 மில்லிஆம்பியர் தாங்கும், காயில் அணையும்போது வரும் வோல்டேஜ் உதைக்கு வேண்டிய டையோடும் உள்ளேயே இருக்கிறது.

பெரிய கரன்ட் போர்டைவிட்டுப் போனாலும் பெரிய வோல்டேஜ் போகவில்லை. கன்ட்ரோல் சப்ளைக்கும் லைனை அளப்பதற்கும் ஒரு சின்ன 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போர்டின் மேல் உட்காருகிறது, அதன் பிரைமரி 230. இங்கே இடைவெளிதான் உயிர். காற்று வழித் தூரம் ஒன்று, போர்டின் மேற்பரப்பைத் தழுவிப் போகும் தூரம் இன்னொன்று. உப்பும் ஈரமும் இருக்கும் ஊரில் இரண்டாவதுதான் கவலை. மின்காப்பு இடைவெளிகளுக்கான ஐஇசி 60664-1 தரநிலையின் அட்டவணையில், மாசு அதிகமான சூழலுக்கு 250 வோல்ட்டில் மேற்பரப்புத் தூரம் அடிப்படைக் காப்புக்கு 4 மி.மீ., இரட்டிப்புக் காப்புக்கு 8 மி.மீ. நல்ல மெட்டீரியல் போட்டதால் இதைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எண்ணக் கூடாது. மேற்பரப்பில் கரித்தடம் விழுவதைத் தடுப்பதில் சாதாரண எஃப்ஆர்-4 கடைசி வகுப்புதான். பச்சைப் பூச்சையும் காப்பாகக் கணக்கில் சேர்க்க முடியாது. 8 மி.மீ. விட்டேன், டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே 2 மி.மீ. அகலத்தில் ஒரு நீளப் பிளவும் வெட்டச் சொன்னேன். ஈரத் தூசி பாலம் போட அங்கே பரப்பே இருக்காது.

சிக்னல் டிராக்குகளை அரை மி.மீ.க்குக் குறையாமல் போட்டேன். 0.15 மி.மீ.கூட இன்று எந்த ஃபேக்டரியும் செய்து தரும், கரன்ட்டுக்கும் அது போதும். கடற்கரையில் பச்சைப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் செம்பு அரிக்க ஆரம்பிக்கும், அகலமான டிராக் அறுந்துபோக வருஷங்கள் கூடும். இடம் தாராளமாக இருக்கும்போது கஞ்சத்தனம் எதற்கு?

துளை விட்டம் காலைவிட 0.3 மி.மீ. கூட. துளைக்குள் 20 முதல் 25 மைக்ரான் செம்புப் பூச்சு வரும், ஈயம் அதில் ஏறி மேலும் கீழும் நிறையும். இப்போது ரிலேயின் பாரத்தை மேல் பேட், கீழ் பேட், நடுவில் ஒரு செம்புக் குழாய் மூன்றும் சேர்ந்து பிடிக்கின்றன. ரிலே வரிசையை ஓரத்துக்கு நகர்த்தி, அதற்குப் பக்கத்திலேயே ஐந்தாவது திருகுத் துளை வைத்தேன். சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்கு அதன் சொந்தத் திருகுகள், பாரம் கால்களில் இறங்காது. உலோக ஸ்பேசருக்குப் பதில் நைலான் ஸ்பேசர், அடியில் ரப்பர் வாஷர். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் 105 டிகிரி வகை, ரிலே காயில்களிலிருந்து தள்ளி. சூடு 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது கணக்கு, இடம் மாற்றுவதற்குச் செலவும் இல்லை.

பேட்களின் மேல் பூச்சு, சாதாரண ஈயக் குளியல் பூச்சுதான். தங்கப் பூச்சு போர்டு படம் எடுக்க அழகு, துளைப் பாகங்கள் மட்டுமே இருக்கும் இந்த வேலைக்கு அது வீண்.

போர்டுகள் வந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளைகள் பேட்டின் நடுவில் விழுந்திருக்கின்றனவா என்று பார்த்தேன், சரியாகவே இருந்தன. 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்), ரோசின் ஃப்ளக்ஸ், அயர்ன் 350 டிகிரி. இந்தக் கலவை 183 டிகிரியில் ஒரே புள்ளியில் உருகி ஒரே புள்ளியில் இறுகும், கையால் வைப்பதற்கு காரீயமில்லாத கலவையைவிட எனக்கு இதுவே தோது. அது 217க்கு மேல்தான் உருகும்.

கடலோரத்தில் மேல்பூச்சு கட்டாயம். அக்ரிலிக் கோட்டிங் ஸ்பிரேயை இரண்டு மெல்லிய கைகளாக அடித்தேன், கனெக்டர்களுக்கும் ரிலே தகடுகளுக்கும் டேப் ஒட்டி மறைத்து. கோட்டிங்கில் ஒளிரும் பொருள் கலந்திருப்பதால், கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா விளக்கில் விட்டுப்போன இடம் இருட்டாகத் தெரியும். மோட்டார் வைண்டிங் வார்னிஷைத் தடவுகிறவர்கள் உண்டு. கெட்டியாக நிற்கும்தான், ஆனால் அடுத்த முறை ஒரு கெபாசிட்டரை மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நெயில் பாலிஷ் மட்டும் வேண்டாம், அது நன்றாக எரியும். எதை அடித்தாலும் அதற்கு முன்னால் கழுவிக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் உப்பையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

லக்குகளை ராட்செட் கிரிம்பிங் டூலால் அழுத்தினேன். பிளையர்ஸ் அழுத்தம் இதற்குப் பத்தாது. வயர் நுனியில் ஈயம் பூசிவிட்டு கிரிம்ப் செய்யவும் கூடாது, அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நழுவிப் பிடி தளர்ந்துவிடும். பழைய முறையிலேயே 5 ஆம்பியர் விட்டு ஒவ்வொரு லக்கையும் அளந்தேன். எல்லாம் 2 மில்லிவோல்ட்டுக்கு உள்ளே. பெட்டியின் காற்றுத் துளைகளுக்கு உள்பக்கம் கொசு வலைக் கம்பி ஒட்டினேன். பழைய பெட்டியில் டெர்மினலுக்குக் குறுக்கே ஒரு பல்லி காய்ந்து கிடந்தது, ஒரு ரிலே மூடிக்குள் எறும்பு. இந்த ஊரில் போர்டு கெடுவதற்கு இவை இரண்டும் தனிக் காரணங்கள்.

முதலில் சீரிஸ் லேம்பில், அதாவது ஒரு பல்பைத் தொடரில் இணைத்து, போட்டுப் பார்த்தேன், பல்பு மங்கலாகவே நின்றது, ஷார்ட் இல்லை. அப்புறம் லோடுக்கு 2000 வாட் தண்ணீர் ஹீட்டர் ராடு, ஒரு பெரிய வாளித் தண்ணீரில். வோல்டேஜை ஏற்றி இறக்கும் வேரியாக்கால் இன்புட்டை 170க்கு இறக்கியபோது கிளாம்ப் மீட்டர் 11.8 ஆம்பியர் காட்டியது. ஒரு மணி நேரம் ஓடியபின் ரிலே தகடுகள் பெட்டிக்குள் இருக்கும் காற்றைவிட 12 டிகிரி கூடுதல், போர்டு காற்றின் சூட்டிலேயே இருந்தது.

இனித் தேயக்கூடியது ரிலேயின் கான்டாக்ட்தான், கம்ப்ரசர் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் பொறி வாங்கும். இப்போது ஒவ்வொன்றும் 4 மில்லிஓம் அளவில் இருக்கிறது. ரிலே வரிசைப்படி அந்த எண்களை எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ஏசி சர்வீஸுக்கு ஆள் வரும்போது இதையும் அளக்க வேண்டும், 20ஐத் தாண்டினால் அந்த ரிலேயை மாற்ற வேண்டும். லக்கை உருவினால் போதும், கழற்ற வேண்டிய ஈயம் இரண்டு காயில் கால்களில் மட்டும்தான். அண்ணாச்சி பில்லைப் பார்த்துவிட்டு, வீட்டு ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மீதிப் போர்டுகளில் ஒன்று அதற்குச் சரியாகப் பொருந்தும், டைம் டிலேயை (கரன்ட் வந்த பிறகு அவுட்புட் கொடுக்கக் காத்திருக்கும் நேரம்) மட்டும் மூன்று நிமிடத்திலிருந்து கூட்ட வேண்டும்.